பரணில் தூங்கும் லேப்டாப்!

கட்டுமாவடி போன்ற கடலோர ஊர்களில் பல வீட்டுப் பரண்களில் ஒரு கறுப்புப் பை கிடக்கிறது. பழைய வலை, ஓடாத மின்விசிறி, சீர் வந்த பாத்திரம் இவற்றுக்கு நடுவே தூசி படிந்து கிடக்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு லேப்டாப். மூடியில் சர்க்கார் முத்திரை!

பிளஸ் டூ படித்தபோது மகளுக்குக் கிடைத்தது. இன்று அந்த மகளுக்கே குழந்தை இருக்கும்.

"ஏன் மேலே போட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டால் வரும் பதில் எங்கும் ஒன்றுதான்.

"அது ஓடாதுங்க. கடையிலே காட்டினோம். வேறே வாங்கச் சொல்லிட்டாங்க."

வேறு வாங்குவதா? முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று விலை சொல்கிறார்கள். கடலை நம்பிப் பிழைக்கிற குடும்பத்துக்கு அது சின்னத் தொகையா? பக்கத்து ஜெகதாபட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கரையில் நிற்கும். காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய சமயமும் அதை ஒட்டித்தான் வந்து சேரும்!

நான் சொல்ல வந்தது இதுதான். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை செத்துப் போகவில்லை. அவற்றை ஓட்டுகிற ஆளுக்குத்தான் வயதாகிவிட்டது. இன்னொரு ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்தால் பெட்டி மறுபடி ஓடும்.

ஒரு வள்ளம், இரண்டு பேர்

வள்ளம் இருந்தால் மட்டும் மீன் வருமா? ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். லேப்டாப்பும் அப்படித்தான். திரை, விசைப்பலகை, டிஸ்க் எல்லாம் வெறும் வள்ளம். அதை ஓட்டுகிற மென்பொருளுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். தமிழில் இயங்குதளம் என்கிறார்கள்.

நமக்குப் பழக்கமானது அமெரிக்க மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ். இன்னொன்றும் உண்டு. அது லினக்ஸ். பின்லாந்தில் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற வாலிபர் 1991-ல் அதற்குக் கரு போட்டார். உலகத்தார் கூடி வளர்த்தார்கள். விலை கிடையாது. நகல் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். அது திருட்டு ஆகாது.

ஒரே லேப்டாப்பில் இரண்டையும் வைத்துக் கொள்ளலாம். இரண்டும் ஒரே சமயத்தில் ஓடாது. பொத்தானை அமுக்கியதும், "இன்று யார் ஓட்டுவது?" என்று திரையில் ஒரு பட்டியல் வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

கொடுத்தார்கள், சொல்லித் தரவில்லை

இதில் ஒரு வேடிக்கை. இந்த ஏற்பாடு நமக்குப் புதிது அல்ல. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக சர்க்காரின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்தப் பெட்டிகள் பலவற்றில் விண்டோஸும் இருந்தது; "பாஸ்" லினக்ஸும் இருந்தது. இது பரீட்சையில் வாங்கும் பாஸ் அல்ல! "பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்" என்பதன் சுருக்கம். மத்திய சர்க்காரின் சி-டாக் நிறுவனம் சென்னையில் இருந்தபடி தயாரித்து, 2007-ல் வெளியிட்டது. தமிழ் உள்படப் பல இந்திய மொழிகளில் வேலை செய்யும்.

ஆக, இரண்டு பேரைச் சர்க்காரே ஏற்றி அனுப்பியது. இரண்டாவது ஆள் யார் என்று மாணவர்களுக்கு யாராவது சொன்னார்களா? பெரும்பாலான பள்ளிகளில் இல்லை. பட்டியலில் புரியாத ஒரு பெயர் வந்து நின்றது. பிள்ளைகள் பயந்தார்கள். கடைக்குக் கொண்டு போனார்கள். கடைக்காரர் அதை அழித்துவிட்டு, விண்டோஸின் திருட்டுப் பிரதி ஒன்றை ஏற்றி, முந்நூறோ ஐந்நூறோ வாங்கிக் கொண்டார். காசு கொடுத்து, இலவசமாக வந்ததை அழித்துக் கொண்டோம்!

கடைக்காரரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாப்ட் கைவிரித்தபோது, சர்க்கார் தன் இலாகாக்களையே பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி யோசனை சொன்னது. இலாகாவுக்கு ஆகுமானால் மாணவனுக்கு ஆகாதா?

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிக் கம்ப்யூட்டர்களில் பாடமே லினக்ஸில்தான். முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு பாடப் புத்தகத்தை அதற்கேற்ப எழுதினார்கள். செய்முறைப் பரீட்சையும் அதிலேயே வைத்தார்கள். மலையாளப் பிள்ளைகளுக்கு நம் பிள்ளைகளைவிட மூளை அதிகமா என்ன? சொல்லித் தர ஆள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது என்ன அவசரம்?

பழைய பெட்டிகளில் இருந்த விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ல் நின்றன. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது. பரண் லேப்டாப்புக்கு அதற்கு எங்கே போவது? திருத்தம் இல்லாத விண்டோஸில் பாங்கிக் கணக்கைத் திறப்பது, கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சந்தைக்குப் போவது போல.

அதனால் இன்டர்நெட், பாங்கி, ஸ்காலர்ஷிப் மனு எல்லாவற்றுக்கும் லினக்ஸ். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருள், பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகை, முரண்டு பிடிக்கும் பிரிண்டர் இவற்றுக்கு, இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, பழைய விண்டோஸ். "விண்டோஸைத் தூக்கி எறி" என்று சொல்கிற லினக்ஸ் பக்தர்களோடு நான் சேர மாட்டேன். கிராமத்து வீட்டில் ஒரே ஒரு லேப்டாப்தான் இருக்கும். அதில் எல்லா வேலையும் நடக்க வேண்டும்.

போடுவது எப்படி?

முதலில் படங்களையும் சான்றிதழ்களையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள். இதைச் செய்யாமல் மேலே போகவே வேண்டாம். விண்டோஸ் புதிதாக இருந்தால் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். "பாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாகத் தூங்காது. அரைக்கண் திறந்து டிஸ்க்கைப் பிடித்துக் கொண்டிருக்கும்.

பிறகு விண்டோஸுக்குள்ளேயே இருந்து டிஸ்க்கில் 40 ஜி.பி. இடத்தைச் சுருக்கிக் காலியாக விடுங்கள். 2 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய பெட்டிக்கு லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸ் நல்லது. அதை இறக்கிப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்புங்கள். டிஸ்க்கைத் தொடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, தமிழ்99 விசைப்பலகையில் அடிக்க முடிகிறதா என்று பார்த்துக் கொண்டு, திருப்தியானால் "விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "டிஸ்க் முழுவதையும் அழி" என்பதும் அங்கேதான் இருக்கும். ஜாக்கிரதை!

பழைய பெட்டியில் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் டிஸ்க்கில் நான்கு பெரும் பிரிவுகளுக்கு மேல் போட முடியாது. சி, டி, மீட்புப் பகுதி என்று நான்கும் நிரம்பியிருந்தால், ஐந்தாவதற்கு இடம் இல்லை என்று யந்திரம் மறுக்கும். டி-யில் உள்ளதை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தையே லினக்ஸுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

எல்லாம் முடிந்து விண்டோஸைத் திறந்தால், சில பெட்டிகளில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். பயப்படாதீர்கள்! பெட்டிக்குள் இருப்பது கிரீன்விச் நேரம் என்று லினக்ஸ் எடுத்துக் கொள்கிறது. விண்டோஸோ அதை இந்திய நேரம் என்று நினைக்கிறது. லினக்ஸ் அமைப்பில் "உள்ளூர் நேரம்" என்று மாற்றினால் சண்டை தீர்ந்தது.

இதைத் தெரிந்தவர் கூட இருந்தால் ஒரு பிற்பகல் வேலை. தெரிந்தவர் எங்கே என்பதுதான் கேள்வி. 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் போன்ற சாதனங்கள் என்று தமிழக சர்க்கார் அறிவித்தது. அந்த லேப்டாப்புகளுக்கும் விண்டோஸ் 11-உடன் பாஸ் லினக்ஸ் கேட்கப்பட்டது. மறுபடியும் இரண்டு பேர்! இந்தத் தடவையாவது, லேப்டாப் கொடுக்கிற ஒவ்வொரு காலேஜிலும் அரை நாள் ஒதுக்கி, இரண்டாவது ஆளை அறிமுகம் செய்து வைக்கட்டும். அறந்தாங்கியில் படிக்கும் ஒரு பையன் கற்றுக் கொண்டால் போதும். சனிக்கிழமை பஸ் ஏறிக் கட்டுமாவடிக்கு வரும்போது, அவன் சட்டைப் பையில் ஒரு பென்டிரைவ் இருக்கும். தெருவில் எத்தனை பரண் இருக்கிறதோ, அத்தனைக்கும் அவனுக்கு வேலை இருக்கிறது. உப்புக் காற்றில் சார்ஜர் முனை துருப்பிடித்திருக்கும். வரும்போதே ஒரு சார்ஜரும் கொண்டு வருவது நல்லது.