பனி வந்தால் வரவேண்டும்

மட்டாஞ்சேரியில் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழும் நம்மவர்க்கு, மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர் என்பதும், ‘பனி’ என்றால் காய்ச்சல் என்பதும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. ஆனால் பிள்ளைப்பேற்றுக்கும் நோய்க்கும் துணையிருக்க ஊரிலிருந்து வந்து சேரும் பெரியவர்கள் அதனை அறியார். சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெருவில் இதனால் விளைந்த துன்பம் ஒன்றை, அவ்வீட்டாரின் இசைவு பெற்றே இங்கு எழுதுகிறேன்.

தாயில்லாப் பெண், வயது இருபத்திரண்டு. சிறுமியாய் இருந்தபோது மண்ணெண்ணெய் அடுப்பினால் தீப்பட்டுக் கழுத்தும் தாடையும் வெந்தன. நாளடைவில் தழும்பு இறுகி, முகத்தை முழுதும் நிமிர்த்த இயலாமற் போயிற்று. எர்ணாகுளத்து மருத்துவமனை ஒன்றில் அத்தழும்பை விடுவித்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். பத்தாம் நாள் வீட்டிற்கு அனுப்பும்போது, “பனி வந்நால் உடனே கொண்டு வரணம்” என்று நர்ஸ் அம்மையார் இருமுறை சொன்னாராம். உடனிருந்தவர் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த பெரியம்மா. பனி படலாகாது என்று பொருள் கொண்டு, சாளரங்களை அடைத்து, கம்பளி போர்த்தி, கண்ணை இமை காப்பதுபோல் காத்தார். மூன்றாம் நாள் பெண்ணின் உடல் கொதித்தது. போர்வையின் சூடென்று எண்ணிச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். ஐந்தாம் நாள் கட்டிலிருந்து துர்நாற்றம் எழுந்தபோதுதான் பக்கத்து வீட்டார் அறிந்து படகுத்துறைக்கு ஓடினார்கள். ஒட்டிய தோலில் ஒரு பகுதி அழுகிவிட்டது; மறுமுறையும் தோல் எடுக்க வேண்டியதாயிற்று.

பெரியம்மா மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாளில் இருந்தது ஆங்கிலம், வாயில் வந்தது மலையாளம், கேட்டது தமிழ்ச் செவி. ‘முறிவு’ என்ற சொல்லும் இத்தகையதே. நமக்கு எலும்பு முறிவு, அவர்களுக்குப் புண். ஆகையால் வீடு திரும்புமுன், இருமொழியும் அறிந்த ஒருவரை அழைத்துச் சென்று, டாக்டர் சொன்னவற்றைத் தமிழில் எழுதி வாங்குங்கள். எந்த மருந்து எந்த வேளைக்கு, கட்டை யார் பிரிப்பது, எந்த அறிகுறி கண்டால் நள்ளிரவானாலும் வரவேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். காய்ச்சல், பரவும் சிவப்பு, நாளுக்கு நாள் ஏறும் வலி, சீழ், கட்டை நனைக்கும் இரத்தம், ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்குதல், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத் திணறல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் கஷாயம் வைத்துக் காத்திருக்கலாகாது.

இவ்வகைச் சிகிச்சை நம் நாட்டிற்குப் புதிதன்று. சுசுருத சங்கிதை மூக்கைப் புதிதாய் அமைக்கும் முறையைக் கூறுகிறது. 1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றில், புனாவுக்கருகே நடந்த சிகிச்சையைப் பற்றிய கடிதம் வெளிவந்தது. ஆங்கிலேயர் படையில் மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி, 1792ஆம் ஆண்டுப் போரில் திப்புவின் படையினரிடம் சிக்கி மூக்கை இழந்தவர். நெற்றித் தோலால் அவருக்கு மூக்கு அமைந்தது. அதைக் கண்டுதான் கார்ப்யூ என்ற மருத்துவர் 1814இல் லண்டனில் அம்முறையைக் கையாண்டார். அக்கடிதத்தில் என் கருத்தைக் கவர்ந்தது கத்தி வேலையன்று, பின்வந்த காப்பே. காசுக்கட்டியைக் குழைத்துப் பூசி நான்கு நாள் தொடாமல் விட்டார்கள். அதன் பின்னரே நெய் தோய்த்த துணி. ஐந்தாறு நாள் மல்லாந்து படுக்கை. பத்தாம் நாள் மூக்குத் துளைகளில் மென்துணி. இவை யாவும் செய்தவர் சொற்படி நடந்தவை. இன்று நம் வீடுகளில் தையல்மீது மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் பூசுவோர், முன்னோர் முறை என்று சொல்லிக் கொள்கிறார்கள். அம்முன்னோர் கட்டைத் தொடாமல் இருந்ததை மறந்து விடுகிறார்கள்!

பத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீனும் முட்டையும் சீழ் வைக்கும் என்று, மிளகு ரசச் சோற்றிலேயே பிள்ளைகளை வைத்திருக்கும் வீடுகள் பல. புதுத் தோல் வளரப் புரதம் வேண்டும். கொச்சியில் மத்தி மீன் தட்டுப்பாடா? சைவர்களுக்குப் பருப்பும் பாலும் தயிரும் இருக்கின்றன. மருத்துவர் தடுக்காதவரை தாராளமாகக் கொடுங்கள். வீட்டு ஆண்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பீடியும் சிகரெட்டும் இரத்த நாளங்களைச் சுருக்கிப் புண் ஆறுவதைக் கெடுக்கும். நோயாளியும் புகைக்கலாகாது, அவர் படுத்திருக்கும் அறையில் பிறரும் புகைக்கலாகாது.

ஒரு வீட்டின் விதி இன்னொரு வீட்டிற்கு ஆகாது. மூக்கு, இமை ஆகியவற்றில் சிகிச்சை பெற்றவர் வீக்கம் வடியத் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். கழுத்துத் தழும்பு விடுவிக்கப்பட்டவர்க்கோ தலையணையே கூடாது. கழுத்து மடங்கினால் தழும்பு பழையபடி இறுகும். விசாரிக்க வருவோர், “ஐயோ, தலையணைகூட இல்லையா!” என்று இரங்கி ஒன்றைச் செருகிவிட்டுப் போவதைக் கண்டிருக்கிறேன்.

அழகுக்காகச் சிகிச்சை செய்துகொள்வோரும் நம்மிடையே இருக்கிறார்கள். அது அவரவர் விருப்பம். புகுந்த வீட்டிற்குத் தெரியாமல் செய்துகொண்டு, இரவில் துணையின்றித் தனியறையில் படுத்திருப்பதுதான் எனக்கு அச்சம் தருகிறது. ஊருக்கு மறைத்தாலும், வீட்டில் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும்.

தழும்பு தணிந்து மென்மையாக ஓராண்டும் செல்லும், அதற்கு மேலும் செல்லும். அதுவரை வெயிலுக்கு மறைப்பு வேண்டும். ஒட்டிய தோலில் எண்ணெய்ப் பசை ஊறாமையால், நன்கு ஆறியபின், டாக்டர் அனுமதித்தால் தேங்காயெண்ணெய் தடவி நீவலாம். எங்கள் தெருப்பெண் கழுத்துப் பட்டையை இரவு பகலாக அணிந்திருக்கிறாள். வேர்வையில் அரிக்கிறது என்று குறைப்பட்டாலும் கழற்றுவதில்லை. இப்போது மாடியில் நிற்பவரை நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறாள். பெரியம்மா ஊர் திரும்பிவிட்டார். வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்தால் முதற் கேள்வி, “பிள்ளைக்குப் பனி இல்லையே?” என்பதுதான்.