ஆலயக் கூரையும் ஆதவன் ஒளியும்

முன்னோர் வைத்துச்சென்ற செல்வத்தைக் காத்தலும், பின்னோர்க்கு நலந்தரும் புதுமையை ஏற்றலும் நம் கடன்களேயாம். இவ்விரு கடன்களும் ஓரிடத்தில் எதிர்ப்படுங்கால் எதனைக் கொள்வது, எதனை விடுவது என்னும் ஐயம் எழுதல் இயல்பே. இங்கிலாந்தின் பழைய சேகர ஆலயங்கள் இன்று அத்தகைய நிலையில் உள்ளன. அவற்றின் கூரைகளிற் சூரிய மின்தகடுகளைப் பதிக்கலாமா? அநுமதி அளிப்பவர் யார்? பொருள் தருபவர் யார்? இவ்வினாக்களைக் குறித்து நாம் கொண்ட கருத்தை ஈண்டுக் கூறத் துணிகின்றோம்.

இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஏறத்தாழ 16,000 ஆலயங்கள் உள. அவற்றுள் 12,000க்கு மேற்பட்டவை வரலாற்றுச் சிறப்புடையன என்று அரசாங்கப் பட்டியலில் இடம்பெற்றவை. 2020 பிப்ரவரியிற் கூடிய அத்திருச்சபையின் பொதுச்சங்கம், தன் கட்டடங்களும் நிறுவனங்களும் வெளியிடும் கரியமில வாயு, ஈடுசெய்யப்படும் அளவோடு 2030க்குள் சமனாதல் வேண்டும் எனத் தீர்மானித்தது. முதலிற் கொணரப்பட்ட தீர்மானத்தில் 2045 என்றே இருந்தது; சங்கத்தினர் அதனைப் பதினைந்தாண்டு முன்னுக்குக் கொணர்ந்தனர். தீர்மானித்தல் எளிது, அதனைச் சிற்றூர் ஆலயத்தின் கூரைமேல் ஏற்றுதல் எளிதோ?

அப்பழைய ஆலயங்களின் அமைப்பே இப்பணிக்கு உதவுகின்றது. பலிபீடம் கிழக்கே அமையுமாறு கட்டும் மரபினால், ஆலயத்தின் நீண்ட கூரையின் ஒரு பக்கம் தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்நாட்டில் நண்பகற் கதிரவன் என்றும் தென்வானிலேயே நிற்றலின், மின்னாக்கத்திற்கு அதனினும் ஏற்ற இடம் வேறில்லை. சாய்வு குறைந்த ஈயக்கூரைகள் பலவற்றைக் கைப்பிடிச்சுவர் மறைத்து நிற்பதால், அங்குப் பதிக்கும் தகடுகள் கீழிருந்து காண்பார் கண்ணுக்குத் தோன்றா. குளஸ்டர் பேராலயத்தில் 2016இல் 150 தகடுகள் பதிக்கப்பட்டன. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில் 2023இல் 438 தகடுகள் பதிக்கப்பட்டன.

எனினும் இவ்வேலையை எண்ணியவுடன் செய்துவிட இயலாது. பட்டியலிலுள்ள பிற கட்டடங்களுக்கு உள்ளூராட்சியினரிடம் பெறவேண்டிய சிறப்பு அநுமதியினின்று இத்திருச்சபையின் ஆலயங்களுக்கு விலக்கு உண்டு. அதற்கு ஈடாகத் திருச்சபை தன் சொந்த நீதிமன்றங்களை நடத்துகின்றது. சேகரச் சங்கத்தார் முதலில் அத்தியட்சாதீனத்தின் ஆலோசனைக் குழுவின் கருத்தைப் பெறுவர். பின்னர், சான்ஸலர் எனப்படும் சட்டவல்லுநர் வழக்கை ஆராய்ந்து, 'ஃபாகல்டி' என்னும் அநுமதியை அளிப்பார் அல்லது மறுப்பார். இத்தகடுகளால் ஆலயத்தின் சிறப்புக்கு ஊறு நேருமா, நேரின் எத்துணை, அதனை ஏற்கத்தக்க நன்மை உண்டா என்பனவே அவர் எழுப்பும் வினாக்கள். வெளித்தோற்றம் மாறுமாயின் உள்ளூராட்சியின் திட்ட அநுமதியும் தேவையாகலாம்.

இம்முறை வீண் தடை என்பார் உளர். நாம் அங்ஙனம் கருதோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், புதுப்பித்தல் என்னும் பெயரால் பழைய ஆலயங்கள் பலவற்றின் சுவர்ப்பூச்சும் இருக்கைகளும் அழிக்கப்பட்டன, அழிந்தவை மீளவில்லை. அக்கொடுமை கண்டு வருந்தியே வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆதலின் விசாரணை வேண்டற்பாலதே. ஆயின் அவ்வரலாறே மற்றொன்றையும் உணர்த்துகின்றது: மீட்க இயலாத மாற்றம் வேறு, மீட்கத்தக்க மாற்றம் வேறு. ஈயத்தைத் துளையாது செவ்வனே பொருத்திய தகடுகளைப் பின்னொரு நாள் அகற்றிவிடலாம். இவ்வேறுபாட்டிற்கு நீதிமன்றங்கள் மிக்க மதிப்பளித்தல் நன்று. புனிதமான இடத்தை மின்னிலையமாக்குவதா என்பார்க்கும் ஒரு சொல்: மெழுகுவிளக்கின் இடத்தில் வாயுவிளக்கும், அதன் இடத்தில் மின்விளக்கும் வந்தபோது ஆலயத்தின் புனிதம் குன்றியதோ?

அநுமதியினும் அரிது பொருள். 2010இல் தொடங்கிய அரசாங்கத் திட்டம், ஆக்கிய மின்சாரத்திற்கு நிலையான விலை தந்தது. 2019 மார்ச்சு இறுதியில் அது புதியவர்க்கு மூடப்பட்டது. 2020 முதல், மிகுந்த மின்சாரத்தை வாங்கும் நிறுவனங்களே அதற்கு விலை குறிக்கின்றன. ஆதலின் ஆக்கிய மின்சாரத்தைத் தானே செலவிடும் ஆலயத்திற்கே ஆதாயம் மிகுதி. சிற்றூர் ஆலயமோ ஞாயிறு காலையிற் சில மணிநேரமே திறந்திருப்பது. அதன் எரிபொருட்செலவின் பெரும்பகுதி குளிர்காலத்து வெப்பத்திற்கே. கதிரவனோ கோடையிலேயே மிகுதியாகக் கொடுப்பவன். இப்பொருத்தமின்மையை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. வாரமுழுதும் ஏழைகட்கு உணவளிக்கும் ஆலயத்திற்கும், குழந்தைகள் பயிலும் ஆலயத்திற்கும் தகடுகள் தக்கனவே. ஏனையவை முதற்கண் ஒழுகும் கூரையைச் செப்பனிட்டு, காற்றுப் புகும் சந்துகளை அடைத்து, விளக்குகளை மாற்றுதலே முறை.

திருச்சபை இம்முயற்சிக்கென ஒன்பதாண்டுகளுக்கு 190 மில்லியன் பவுன் ஒதுக்குவதாக அறிவித்துள்ளது. தொகை பெரிதே, 16,000 ஆலயங்களை நோக்கச் சிறிது. அதனை எவர்க்கு அளிப்பது என்பதிலேதான் நம் கவலை. பேராலயங்களுக்கு அலுவலரும் கொடையாளரும் உளர். சிற்றூரிலோ, ஊதியமின்றித் தொண்டுபுரியும் ஆலயக் காவலர் இருவரே விண்ணப்பம் எழுதவும், பொறியாளரைத் தேடவும், சாரங் கட்டப் பணந்திரட்டவும் வேண்டியவராகின்றனர். முயலாமையால் அன்று, முயலும் வழியறியாமையால் அவர் பின்தங்குவர்.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. கூரையின் ஈயத்தை மாற்றும் காலத்திலேயே தகடுகளையும் பதித்தல் வேண்டும். ஒரு சாரத்தில் இரு வேலை முடியும். கிங்ஸ் கல்லூரியார் கண்ட வழியும் இதுவே. பொறியாளர் ஆய்வுக்கும் விண்ணப்பத்திற்கும் ஆகும் செலவை அத்தியட்சாதீனம் ஏற்றல் வேண்டும். தகடுகளாற் பயனில்லாத ஆலயத்திற்கு இல்லை என்று சொல்லும் துணிவும், அவ்வாலயத்தின் பிற குறைகளைத் தீர்க்கப் பொருளும் ஒருங்கே வேண்டும்.

அக்கூரைகளை எழுப்பியவர் பெரும்பாலார் பெயர் அறியப்படாத ஊர்மக்கள். அவர்தம் வழிவந்த எளியோர்மேற் பேரூர்களில் எடுத்த தீர்மானத்தின் சுமை முழுவதும் விழுதல் தகாது. அச்சுமையை ஒருவர்க்கொருவர் தாங்குவாராயின் கூரையும் நிலைக்கும், அதன்கீழ்க் கூடும் சபையும் நிலைக்கும்.