பொடியில் என்ன இருக்கிறது?

மஞ்சள் காமாலை என்றதும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது கீழாநெல்லியைத்தானே? மதுரை மாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கீழாநெல்லிப் பொடி ஒரு பொட்டலம் வாங்குகிறீர்கள். உள்ளே இருப்பது கீழாநெல்லிதான் என்று எப்படித் தெரியும்?

பச்சைச் செடி என்றால் பயமில்லை. மழை பெய்தால் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் வரப்பெல்லாம் முளைத்து நிற்கும். இலைக்கு அடியில் வரிசையாகக் காய். ஆனால் அதே ஜாடையில் சிவப்புக் கீழாநெல்லி, மேலாநெல்லி என்று பங்காளிகள் பலர் உண்டு. செடியாக இருந்தால் பழகிய கண் பிரித்துவிடும். இடித்துச் சலித்த பிறகு? வைத்தியருக்கும் அது பொடிதான், உங்களுக்கும் பொடிதான்!

2010-ல் ஓர் ஆய்வு வெளியானது. தென்னிந்தியாவில் 25 கடைகளில் கீழாநெல்லிச் சரக்கை வாங்கி, உருவத்தைப் பார்த்தும் டி.என்.ஏ. மூலமும் சோதித்தார்கள். 76 சதவீதக் கடைகளில் சரியான இனமான 'பைலாந்தஸ் அமாரஸ்' இருந்தது. மீதிக் கடைகளில் வேறு ஐந்து பங்காளி இனங்கள்!

டி.என்.ஏ. எப்படிக் காட்டிக் கொடுக்கிறது? எல்லா உயிர்களின் மரபுச் செய்தியும் நான்கே எழுத்துகளில் எழுதப்பட்டது. அதில் குறிப்பிட்ட ஒரு பகுதியை இனத்துக்கு இனம் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது இன்னொரு வழி. நெருங்கிய இனங்களின் கணக்கு பெரும்பாலும் ஒத்துப்போகும். தூரத்து இனங்களுடையது விலகும். குடும்ப ஜாடை மாதிரிதான்!

இதெல்லாம் வீண் ஆராய்ச்சி என்று நினைக்காதீர்கள். 1988-ல் சென்னையில் தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க் குழுவினர் ஹெபடைடிஸ்-பி கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. பிற்பாடு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. செடி மாறியதா, விளைந்த மண் மாறியதா என்று வாதம் கிளம்பியது. முந்தைய வருடத்து ஆய்வுக் கட்டுரையில் செடியின் பெயரே 'நிரூரி' என்றிருந்தது. நிரூரியோ அமெரிக்கக் கண்டத்துச் செடி! பெயரிலேயே குழப்பம் என்றால் பலனை எப்படி எடை போடுவது?

"நம்ம வைத்தியத்துக்கு எதுக்கு சார் இந்த மிஷின் சோதனை?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சரக்கை அறிந்த பிறகுதான் சுத்தி, அதற்குப் பிறகுதான் மருந்து என்பது நம் குணபாடம். கண்ணுக்கு எட்டாத இடத்தில் டி.என்.ஏ. நமக்குத் துணைக் கண்.

அதற்கும் எல்லை உண்டு. பெயரைச் சொல்லும், வீரியத்தைச் சொல்லாது. கொதித்த கஷாயத்தில் டி.என்.ஏ. சிதைந்துபோகும். ஆகவே இடிப்பதற்கு முன்பே, மூட்டை மூட்டையாகச் சோதிக்க வேண்டும். மருந்து கம்பெனிகளுக்கு அரசு இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அதுவரை நீங்கள் என்ன செய்யலாம்? பொடியாக வாங்காதீர்கள், காயோடு உள்ள முழுச் செடியாக வாங்கி, தெரிந்த சித்த மருத்துவரிடம் காட்டுங்கள். லேபிளில் தாவரப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, கண் மஞ்சளானால் முதலில் டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை, மருந்தெல்லாம் அப்புறம்தான்!