அளக்கப்படாத தூரம்



விசுவாசிகள் துப்பறியும் கதை வாசிக்கலாமா என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். கொலையைப் பற்றிய புத்தகம் பிசாசின் புத்தகம் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை.

1929-ல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை வகுத்த ரொனால்ட் நாக்ஸ் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். 1930-ல் வெளிவந்த அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' நாவலில் பிணம் கிடப்பதே போதகரின் படிப்பறையில்தான். கதை சொல்லுகிறவரும் அந்தப் போதகரே. செயின்ட் மேரி மீட் என்னும் அந்த ஆங்கிலச் சிற்றூரில் கொல்லப்பட்டவரை ஊரில் யாருக்கும் பிடிக்காது. ஆயினும் அவருடைய மரணம் கேள்வியின்றிப் புதைக்கப்படுவதில்லை. பெரியவர், சிறியவர் என்ற பேதமின்றி யாவரும் சந்தேகத்துக்கு உட்படுகிறார்கள். மிஸ் மார்ப்பிள் என்ற முதிய பெண்மணி உண்மையை வெளிக்கொணரும்போது நம் உள்ளம் நிறைவடைகிறது. ராஜேஷ்குமாரின் நாவலைக் கம்பெனிப் பேருந்தில் வாசித்து முடிக்கிறவருக்கும் அதே நிறைவுதான். ஆபேலின் இரத்தத்துக்காகக் காயீனிடம் கணக்குக் கேட்ட தேவன் மனிதனுக்குள் வைத்த நீதியின் பசி அது. அதைப் பிசாசினுடையது என்னாதிருங்கள்.

என் வழக்கு வேறு. கொலைகாரன் பிடிபட்டதும் ஊரார் அனைவரும் குற்றமற்றவர்களாகிவிடுகிறார்கள். நாமும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். வேதம் அவ்வளவு எளிதாக ஊரை விடுவிப்பதில்லை. உபாகமம் 21:1-9 வாசியுங்கள். வெளியில் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவன் யாரென்று தெரியவில்லை. அப்போது மூப்பரும் நியாயாதிபதிகளும் பிணத்திலிருந்து சுற்றிலுமுள்ள ஊர்கள்வரை தூரத்தை அளக்கவேண்டும். மிகச் சமீபமான ஊரின் மூப்பர்கள் ஒரு கிடாரியைக் கொண்டுவந்து, அதன்மேல் கைகழுவி, கர்த்தருக்கு முன்பாகப் பதில் சொல்லவேண்டும்.

சுங்குவார்சத்திரத்துச் சபையாரே, நம் நெடுஞ்சாலையில் அடையாளம் தெரியாத வாகனம் மோதி வடமாநிலத் தொழிலாளி பலி என்ற செய்தியை எத்தனை முறை வாசித்துக் கடந்திருக்கிறோம்! அவர் பெயர் என்ன? எந்த அறையில் தங்கியிருந்தார்? வீட்டாருக்கு யார் தெரிவித்தார்கள்? இவற்றைக் கேட்க மிஸ் மார்ப்பிளின் கூர்மதி வேண்டியதில்லை. கற்பனை ஊரின் பிணத்துக்காக நள்ளிரவுவரை விழித்திருக்கும் நாம், நம் சாலையில் மாண்டவருக்காக ஒரு கேள்வியும் கேளாதிருப்பது எந்த நீதி?

கதை வாசியுங்கள், தடையில்லை. ஆனால் அடுத்த முறை அந்தச் செய்தி கண்ணில் படும்போது, அவர் விழுந்த இடத்திலிருந்து நம் ஆலய வாசல்வரை தூரம் எவ்வளவு என்று அளந்துபாருங்கள். பின்பு எழுந்து போய் விசாரியுங்கள்.

கர்த்தர் தாமே நமக்குக் கேட்கும் இருதயத்தைத் தருவாராக. ஆமென்.