வாய்ச்சண்டை வடிகாலை அடைக்குமா?

2025 ஜனவரியிலே, தில்லி மாநகரத்து மக்கள் வாக்குச்சாவடிக்குச் செல்ல ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையிலே, பல பகுதிகளின் குழாய்களிலே நீர் குறைந்தது. ஏன் குறைந்தது என்று கேட்டார்கள். நீருக்குப் பதில் அறிக்கைகள் வந்தன. அரியானாவை ஆளும் பாரதிய ஜனதா யமுனையிலே நஞ்சு கலந்துவிட்டது என்றார் முன்னாள் முதலமைச்சர் கேஜரிவால். வீண்பழி என்றது அரியானா. ஆதாரம் எங்கே என்று கேட்டது தேர்தல் ஆணையம். பிப்ரவரி 5இல் வாக்குப்பதிவு, 8இல் முடிவு, ஆட்சி மாறிற்று. ஆட்சி மாறியதற்காக ஆறு மாறிவிடுமா, தோழரே?

அந்த நஞ்சின் பெயர் அம்மோனியா. யாரும் நள்ளிரவிலே முக்காடிட்டு வந்து கலந்ததன்று. பானிப்பட்டின் சாயப் பட்டறைக் கழிவும், வழியிலுள்ள ஊர்களின் சாக்கடையும் பட்டப்பகலிலே, வடிகால் வழியே, ஆண்டு முழுவதும் கொண்டுவந்து சேர்ப்பது. குளிர்காலத்திலே ஆற்றில் நீரோட்டம் சுருங்கும், கழிவு சுருங்குவதில்லை. வசீராபாத் அணையருகே தில்லி நீரெடுக்கும் இடத்திலே அளவு ஏறுகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் சுத்திகரிப்பு நிலையங்கள் திணறும், உற்பத்தி குறையும். அந்த ஜனவரியிலே ஆறரைக்கும் மேலே சென்றதாகத் தில்லி அரசு கணக்குக் காட்டியது. குடிநீரில் 0.5க்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்!

நிலையத்தார் என்ன செய்வர்? குளோரினைக் கொட்டுவர். ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜனை ஒழிக்க ஏட்டுக் கணக்குப்படியே ஏழரைப் பங்குக்கு மேல் குளோரின் வேண்டும். நடைமுறையிலே இன்னும் மிகுதி. அழுக்கு ஆற்றிலே அவ்வளவு குளோரினைச் சேர்த்தால் வேண்டாத வேறு சேர்மங்கள் பிறக்கும். ஒரு நோயை விரட்ட இன்னொன்றை விருந்துக்கு அழைக்கும் வைத்தியம் இது.

இங்கேதான் ஒரு கல்லின் கதையை உங்களிடம் கூற விழைகிறேன். அரசியல் பக்கத்திலே கல்லுக்கு என்ன வேலை என்று கேட்காதீர். கல்லுக்கு இருக்கும் கடமையுணர்வு நம்மை ஆள்வோர் சிலருக்கு இல்லாததால்தான் கூறுகிறேன்.

1756ஆம் ஆண்டிலே, சுவீடன் நாட்டுக் கனிம அறிஞர் குரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடேற்றினார்; அது கொதிப்பதுபோல் நுரைத்து ஆவி விட்டது. கிரேக்க மொழியிலே ‘கொதிக்கும் கல்’ என்று பொருள்பட ஜியோலைட் எனப் பெயரிட்டார். அதன் உள்ளே தேன்கூடு போலச் சின்னஞ்சிறு அறைகள். கட்டுமானம் எதிர்மின்னேற்றம் உடையது. அதைச் சமன்செய்யச் சோடியமும் கால்சியமும் அந்த அறைகளிலே குடியிருக்கின்றன. கிளினாப்டிலோலைட் என்னும் வகைக்கு ஒரு தனி விருப்பம். நீரோடு அம்மோனியம் வந்தால், இருக்கும் சோடியத்தை வெளியேற்றி அதற்கு இடந்தரும். அறைகள் நிரம்பியதும் உப்பு நீரால் கழுவினால் அம்மோனியம் வெளியே, சோடியம் உள்ளே. கல் மீண்டும் பணிக்குத் தயார். கலிபோர்னியாவின் டாஹோ-டிரக்கி கழிவுநீர் நிலையத்திலே 1978 முதல் பல்லாண்டுகள் இக்கல்லைக் கொண்டு அம்மோனியாவைப் பிடித்தார்கள். பிடித்ததை அம்மோனியம் சல்பேட் உரமாகவும் ஆக்கினார்கள். பின்னாளிலே அந்நிலையம் நுண்ணுயிர் முறைக்கு மாறியது உண்மை, மறைக்கவில்லை.

நுண்ணுயிர் இருக்கக் கல் எதற்கு என்று பொறியாளர் கேட்கலாம். நல்ல கேள்விதான். வெப்ப நாளிலே நுண்ணுயிர் திறம்பட உழைக்கும். குளிர் கூடினால் சோம்பும். தில்லியின் தொல்லையோ குளிர்காலத்திலே! கல்லுக்குக் குளிர் பொருட்டன்று. அன்றியும், காற்றூட்டி வளர்க்கும் நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். அடுத்த கட்டமும் அமைத்தால்தான் நைட்ரஜன் நீரைவிட்டு நீங்கும். அந்த அடுத்த கட்டத்திலேதான் எப்போதும் பணம் தீர்ந்துபோகிறது!

ஆற்றையே கல்லால் வடிகட்டலாம் என்று நான் கூறவில்லை. கணக்குப் பாருங்கள். 10 லட்சம் லிட்டர் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் மொத்தம் 5 கிலோ. ஒரு கிலோ கல் 5 கிராம் பிடிக்கும் என்று கொண்டால், ஒரு முறைக்கே 1 டன் கல் வேண்டும். தில்லியோ நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கோடி லிட்டர் குடிக்கிறது. ஆகவே கல் நிற்கவேண்டிய இடம் வடிகாலின் வாய், கழிவுநீர் நிலையத்தின் கடைவாசல். செறிவு மிகுந்த இடத்திலே கல் மிகுதியாகவும் பிடிக்கும். அந்த இடமோ பெரும்பாலும் அரியானாவிலே, குடிப்பவர் தில்லியிலே, இருவருக்கும் நடுவே மத்திய அரசு! இப்போது இரு மாநிலத்திலும் அதே கட்சி, மத்தியிலும் அதே கட்சி. இனி யாரைக் கைகாட்டுவார்கள்?

வடக்கத்திச் சண்டை நமக்கு எதற்கு என்று இருந்துவிடாதீர். 2024 இறுதியிலே மத்திய நிலத்தடி நீர் வாரியம் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். நாட்டின் நீர் மாதிரிகளிலே ஐந்தில் ஒரு பங்கு, நைட்ரேட் வரம்பான 45 மில்லிகிராமைத் தாண்டியவை. இராசத்தானிலும் கருநாடகத்திலும் ஏறத்தாழப் பாதி. அடுத்து நம் தமிழ்நாடு, 37 விழுக்காட்டுக்கு மேல்! அந்தக் கிணற்று நீரிலே பால்மாவு கரைத்துப் புகட்டினால் பச்சிளங் குழந்தையின் உடல் நீலம் பாரிக்கக்கூடும் என்பதை 1945இலேயே அமெரிக்க மருத்துவர் கோம்லி எழுதிவைத்தார். உழவரைக் குறைகூற வேண்டாம். யூரியாவை மட்டும் மலிவாக வைத்து, 2010க்குப் பின் மற்ற உரங்களை விலையேறவிட்டது தில்லியின் கொள்கை.

நைட்ரேட்டானபின் நம் கல் கைவிரிக்கும், தோழரே! நைட்ரேட்டும் எதிர்மின்னேற்றம் உடையது, கல்லும் அதுவே, ஒன்றை மற்றது தள்ளும். கல்லின் மேற்பரப்பை வேதிப்பொருளால் மாற்றினாலொழிய அது நைட்ரேட்டைத் தீண்டாது. அம்மோனியமாக இருக்கும்போதே, சாக்கடையிலேயே பிடிக்கவேண்டும். கிணற்றிலே இறங்கிவிட்டால் விலையுயர்ந்த சவ்வூடு பரவல் எந்திரத்திடம்தான் சரணடைய நேரும். அது ஒதுக்கித் தள்ளும் நீர் மறுபடியும் மண்ணுக்கே போகும்.

நாகை இறால் பண்ணையாளர் புன்னகைப்பது தெரிகிறது. ஜியோலைட் தூள் அவர்களுக்குப் பழகிய பொருள். ஆனால் உவர்நீர்க் குளத்திலே சோடியம் கூட்டங்கூட்டமாக வந்து அறைகளைப் பற்றிக்கொள்ளும், அம்மோனியத்துக்கு இடமிராது. விற்பவர் இதைக் கூறுவதில்லை. நன்னீர்ச் சாக்கடையே அக்கல்லுக்கு ஏற்ற களம்.

கல்லுக்கு எங்கே போவது? மராட்டியத்து எரிமலைப் பாறைகளிலே, நாசிக், புனே, ஜல்காவ் குவாரிகளிலே கிடைக்கும் ஜியோலைட் படிகங்கள் உலகப் புகழ் பெற்றவை. அயல்நாட்டுக் காட்சிப் பேழைகளிலே அழகுப் பொருளாக அமர்ந்திருக்கின்றன. அவை பாறைப் பொந்துகளிலே விளைந்தவை. துருக்கியிலும் அமெரிக்காவிலும் உள்ளதுபோல் தடித்த படுகைகளல்ல. ஆகவே நம்முடையது போதுமா, இறக்குமதி வேண்டுமா என்பதை அளந்து சொல்லவேண்டியது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. அளக்கச் சொல்லவேண்டியது மத்திய அரசு. நம் நகராட்சிக் கழிவுநீர் நிலையம் ஒன்றிலே ஓராண்டு சோதித்துப் பார்ப்பது நம் மாநில அரசால் முடியாததன்று. உங்கள் ஊர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரிலே அம்மோனியா எவ்வளவு என்று அடுத்த நகர்மன்றக் கூட்டத்திலே கேளுங்கள். எண்ணோடு பதில் வரும்வரை அமராதீர்கள்.