நாவுக்கும் வேண்டும் தட்டச்சுப் பயிற்சி

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் பிள்ளைகளில் சிலர் அண்மைக் காலமாகப் பயணம், சுற்றுலா தொடர்பான படிப்புகளை நாடுகிறார்கள். வரவேற்க வேண்டிய செய்திதான். மருத்துவம், பொறியியல், வங்கி ஆகிய மூன்று வாசல்களைத் தவிர வேறு வாசலே கிடையாது என்று நாம் நினைத்த காலம் போய்விட்டது. ஆனால் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் என்னிடம் யோசனை கேட்க வரும் பெற்றோர், பேச்சின் முடிவில் தவறாமல் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: “படிப்பில் சேர்த்துவிடலாம் சார், ஆனால் பிள்ளைக்கு இங்கிலீஷ் பேச வருமா?”

கோட்டைப் பகுதியில் ஒரு டிராவல் அலுவலகத்தில் பல ஆண்டுகள் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் என் பதிலைச் சொல்கிறேன். வரும். ஆனால் படித்து வராது. பேசிப் பழகித்தான் வரும்.

நம் முன்னோர் இந்த நகருக்கு எந்த முதலோடு வந்தார்கள் என்று சற்று எண்ணிப் பாருங்கள். மாட்டுங்காவில் குடியேறியவர்களில் பலருடைய முதல், தட்டச்சும் சுருக்கெழுத்தும்தான். அந்த வித்தையை எப்படிக் கற்றார்கள்? தட்டச்சு இயந்திரத்தைப் பற்றிய புத்தகம் படித்தல்ல. தினம் ஒரு மணி நேரம் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடித்தார்கள். தவறு விழுந்தால் யாரும் சிரிக்கவில்லை. தாளை உருவிப் போட்டுவிட்டு அடுத்த தாளைச் செருகினார்கள். ஆறு மாதத்தில் விரல் தானாக ஓடியது. விரலுக்குக் கொடுத்த அந்தப் பயிற்சியை நாவுக்குக் கொடுக்க மட்டும் நாம் ஏனோ மறந்துவிட்டோம். பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் எழுதிய மாணவன் பன்னிரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் பேசியிருக்க மாட்டான்.

இந்தக் குறையைச் சிலர் வியாபாரமாக்கிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவன் பெருந்தொகை கட்டி ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான். மூன்று மாதம் அமெரிக்க உச்சரிப்புச் சொல்லிக் கொடுத்தார்கள். நாக்கைச் சுழற்றக் கற்றுக்கொண்டான். ஆனால் விமானம் ரத்தானால் பயணியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டால் விழிக்கிறான். வெளிநாட்டுப் பயணி நம்மிடம் அமெரிக்க உச்சரிப்பை எதிர்பார்த்து வருவதில்லை. ஜப்பான்காரருக்கும் ஜெர்மானியருக்கும் ஆங்கிலம் நம்மைப் போலவே கற்றுக்கொண்ட மொழி. அவர்களுக்கு வேண்டியது தெளிவும் நிதானமும் சரியான தகவலும்தான்.

இந்தத் தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலம் என்பது என்ன? என் அனுபவத்தில் நான்கு பழக்கங்கள்.

முதலாவது, எண்களைக் காதால் பிடிப்பது. பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளும் பழக்கம் இல்லாவிட்டால் பயணி வண்டியைத் தவறவிடுவார்.

இரண்டாவது, பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வது. ‘முருகன்’ என்ற பெயரைத் தொலைபேசியில் மைக், யூனிஃபார்ம், ரோமியோ, யூனிஃபார்ம், கால்ஃப், ஆல்ஃபா, நவம்பர் என்று உலகெங்கும் உள்ள முறைப்படி சொல்லத் தெரிய வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் வேறுபட்டால் விமான நிலையத்தில் தொல்லைதான். குடும்பப் பெயர் இல்லாமல் தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழும் நமக்கு இந்தத் தொல்லை நன்றாகவே தெரியும். ஊர்க் குறியீடுகளும் அப்படியே. 1995-ல் பம்பாய் மும்பை ஆயிற்று. 1996-ல் மதராஸ் சென்னை ஆயிற்று. ஆனால் விமான டிக்கெட்டில் இன்றும் பி.ஓ.எம்., எம்.ஏ.ஏ. என்றுதான் இருக்கிறது.

மூன்றாவது, நம் எழுத்து பிரித்துக் காட்டாத ஒலிகளைப் பிரித்துச் சொல்வது. விரிகுடாவைக் குறிக்கும் ‘பே’யும், பணம் கட்டுவதைக் குறிக்கும் ‘பே’யும் தமிழில் ஒரே எழுத்து. பயணிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். இது ஒரு வாரப் பயிற்சி. ஆயுள் தண்டனை அல்ல.

நான்காவதுதான் கடினமானது. கோபமாக இருப்பவரிடம் மரியாதை குறையாமல் ‘முடியாது’ என்று சொல்லி, முடிந்தது எது என்பதையும் உடனே சொல்வது. இந்தப் பேச்சை எந்தப் பாடநூலும் தந்துவிடாது. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் பயணியாகவும் ஒருவர் ஊழியராகவும் நடித்துப் பழக வேண்டும்.

“கைப்பேசியே மொழிபெயர்த்துவிடுகிறதே, இனி எதற்கு இதெல்லாம்?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கைப்பேசி சொல்லை மாற்றித் தரும். இரவு இரண்டு மணிக்குக் குழந்தையோடு பெட்டியைத் தொலைத்து நிற்கும் தாய்க்குச் சொல்ல வேண்டிய ஆறுதலை மனிதர்தான் சொல்ல வேண்டும். சம்பளமும் அதற்குத்தான்.

இந்த விஷயம் வேலைவாய்ப்போடு நின்றுவிடவில்லை. தாராவியையே எடுத்துக்கொள்வோம். 2005-ல் கிறிஸ் வே என்ற ஆங்கிலேயரும் கிருஷ்ணா பூஜாரி என்ற நம் நாட்டவரும் சேர்ந்து ‘ரியாலிட்டி டூர்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, வெளிநாட்டவரைத் தாராவிக்குள் அழைத்து வந்தார்கள். 2008-ல் வெளிவந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படம் மறு ஆண்டு எட்டு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றபின் உலகமே தாராவியைத் திரும்பிப் பார்த்தது. 2019-ல் டிரிப்அட்வைசர் வெளியிட்ட பட்டியலில், இந்தியாவில் பயணிகள் விரும்பிய அனுபவங்களுள் தாராவிச் சுற்று தாஜ்மகாலையே முந்தியது என்று செய்தி வந்தது.

நம்மில் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஏழ்மையைக் காட்சிப் பொருளாக்குவதா என்ற கோபம் நியாயமானது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் கோபத்தோடு நின்றுவிட்டால் என்ன பயன்? வருபவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதை சொல்வது யார் என்பதே கேள்வி. அந்த நிறுவனம் சுற்றின்போது படம் எடுக்கக் கூடாது என்று விதி வைத்தது. உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக்கியது. அதோடு இணைந்து 2009-ல் தோன்றிய ‘ரியாலிட்டி கிவ்ஸ்’ என்ற தொண்டு அமைப்பு தாராவி இளைஞர்களுக்கு ஆங்கிலமும் கணினியும் கற்பித்து வந்திருக்கிறது. வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தோன்றிய யோசனை, இத்தனை சங்கங்கள் நடத்தும் நமக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

அந்தத் தெருவில் பிறந்தவர் வாயிலிருந்து வரும் ஆங்கிலத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. தென் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தோல் தொழிலில் பாடுபட்டு வளர்த்த இடம் இது. கும்பார்வாடாவில் சௌராஷ்டிரக் குயவர்கள் இன்றும் சூளை போடுகிறார்கள். விடியுமுன் இட்லி அவித்து நகரமெங்கும் கொண்டுபோய் விற்கிறார்கள் நம்மவர்கள். பொங்கலன்று தொண்ணூறு அடிச் சாலையில் பானைகள் வரிசையாகப் பொங்குகின்றன. இதையெல்லாம் சொல்லத் தெரிந்த பெண் முன்னால் நடந்தால், பின்னால் வருபவரின் பார்வை பரிதாபத்திலிருந்து மரியாதைக்கு மாறும்.

காலமும் குறைவு. 2022-ல் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் அதானி குழுமம் வென்றது. திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். எப்படியானாலும் இந்தச் சந்துகள் இப்படியே இருக்கப் போவதில்லை. இடம் மாறிய பிறகும் அதன் வரலாறு அங்கே வாழ்ந்தவர்களின் பேச்சில் இருக்க வேண்டும். உலகம் கேட்கும் மொழியிலும் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆங்கிலம் வர வேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடும் பெற்றோரைப் பார்க்கிறேன். இது கிணறு வெட்டுகிறேன் என்று வீட்டு அஸ்திவாரத்தைத் தோண்டுவது போன்றது. மும்பையில் வளரும் நம் பிள்ளைக்குத் தமிழும் மராத்தியும் இந்தியும் பைசா செலவில்லாமல் கிடைக்கின்றன. ஷீரடிக்கும் பண்டரிபுரத்துக்கும் வரும் தமிழ் யாத்திரிகருக்கும், ராமேசுவரம் போகும் மராத்தியருக்கும் இந்தப் பிள்ளையைவிடச் சிறந்த வழிகாட்டி யார்? ஆங்கிலம் நான்காவது மொழியாகச் சேரட்டும். மற்ற மூன்றின் இடத்தை அது பிடிக்க வேண்டாம்.

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாணவர்களே, உங்கள் இலவசப் பள்ளி ரயில் நிலையத்தில் இருக்கிறது. சயான் நிலையத்தில் நின்று, மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் வரும் அறிவிப்பைக் கேட்டு, ஆங்கிலத்தை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். உலகப் பாரம்பரியச் சின்னங்கள் இந்த ஒரே நகரில் மூன்று உள்ளன. 1987-ல் எலிபெண்டா குகைகளும், 2004-ல் நாம் வி.டி. என்று அழைத்த ரயில் நிலையமும், 2018-ல் கோட்டை, மெரின் டிரைவ் பகுதிக் கட்டிடங்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஞாயிறுதோறும் ஒன்றின் முன் நின்று, நண்பனைப் பயணியாக்கி, ஐந்து நிமிடம் பேசுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து நீங்களே கேளுங்கள்.

சங்க நிர்வாகிகளே, விழா இல்லாத ஞாயிறுகளில் நம் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. வாரம் இரண்டு மணி நேரம் திறந்து விடுங்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் விமானம், ரயில்வே, வங்கி, ஓட்டல் துறைகளில் ஆங்கிலத்தில் பேசியே ஓய்வு பெற்ற பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் பயணியாக எதிரே உட்கார்ந்தால் போதும். பாடநூல் வேண்டாம், கட்டணம் வேண்டாம். ஒரே ஒரு விதி: தவறு செய்பவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது.

அப்படி ஒரு வகுப்பு எந்த மண்டபத்தில் தொடங்கினாலும், முதல் பயணியாக வந்து உட்கார நான் தயார். தாராவிப் பிள்ளைகளோடு மாட்டுங்காப் பெரியவர்கள் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசினால், ஆங்கிலம் வளர்வதோடு நமக்குள் இருக்கும் தூரமும் குறையும். தாதர் ஒரு பக்கம், சயான் ஒரு பக்கம் என்று வாழும் நமக்கு அதுவும் தேவைதானே?