'திறந்தவெளி' என்றால் யாருடைய வெளி?

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு வாக்குவாதம். பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் இஸ்ரேலின் வான் பாதுகாப்பைப் பற்றி வியந்து பேசிக்கொண்டிருந்தார். கீழே 'அயர்ன் டோம்', அதற்கு மேலே 'டேவிட்ஸ் ஸ்லிங்', எல்லாவற்றுக்கும் மேலே 'ஏரோ' என்று மாடி மாடியாக அடுக்கினார். 2024 ஏப்ரல் 13 இரவு ஈரான் ஏவிய முந்நூற்றுக்கும் மேற்பட்ட ட்ரோன்கள், ஏவுகணைகளில் 99 விழுக்காட்டை வீழ்த்தியதாக அந்நாட்டு ராணுவம் சொன்னதை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஒப்பித்தார். "மெஷினுக்கு சாதியும் தெரியாது மதமும் தெரியாதுண்ணே. வர்றத அடிக்கும், அவ்ளோதான்" என்றார். அங்கதான் எனக்குச் சுருக்கென்றது.

அந்த இரவில் இஸ்ரேலுக்குள் படுகாயப்பட்டது ஒரே ஒரு ஆள். ஏழு வயதுச் சிறுமி. நெகேவ் பாலைவனத்தில் அல்-ஃபுரா என்ற இடத்தில் வாழும் பெதுயின் அரபுக் குடும்பத்துப் பிள்ளை. வானில் சிதறிய உலோகத் துண்டு தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு அவள் தலையில் இறங்கியது. கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் வாழும் நாட்டில் எப்படி அந்த ஒரு கூரை மட்டும்? தற்செயல் என்பார்கள். வெள்ளம் வந்தால் சேரி முதலில் மூழ்குவதையும் இங்கே அப்படித்தானே சொல்றாங்க.

இரும்புக் கவிகை வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 2011-இல் அதை முதன்முதலில் நிறுத்தியதே நெகேவின் பெரிய நகரமான பீர்ஷெபாவுக்குப் பக்கத்தில்தான். வரும் ராக்கெட்டை ராடார் பிடிக்கிறது. எங்கே போய் விழும் என்று கணினி சில நொடிகளில் கணக்குப் போடுகிறது. ஆள் குடியிருக்கும் இடமென்றால் 'தாமிர்' என்ற ஏவுகணை கிளம்பிப் போய் அடிக்கும். 'திறந்தவெளி' என்றால் விட்டுவிடும். ஒரு தாமிரின் விலை 40, 50 ஆயிரம் டாலர் என்கிறார்கள். எதிரே வருவதோ பட்டறையில் அடித்த மலிவான ராக்கெட். எல்லாவற்றையும் சுட்டுக்கொண்டிருந்தால் கட்டுபடியாகாது. இந்தக் கணக்கில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் எது குடியிருப்பு, எது திறந்தவெளி என்று கணினிக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? வரைபடம். வரைபடம் போட்டது யார்?

நெகேவில் அரசு 'அங்கீகரிக்காத' பெதுயின் கிராமங்கள் சுமார் 35 இருக்கின்றன. நம்ம பாஷையில் சொன்னால் புறம்போக்கு. பல கிராமங்கள் அந்த அரசு பிறப்பதற்கு முன்பிருந்தே இருப்பவை. சில, அந்த அரசே வேறிடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியேற்றியவை. மின்கம்பி கிடையாது, குடிநீர்க் குழாய் கிடையாது, வரைபடத்தில் பெயரும் கிடையாது. 2014 ஜூலையில் டிமோனா பக்கம் காசாவிலிருந்து வந்த ராக்கெட் விழுந்து பெதுயின் ஒருவர் செத்தார். இந்தக் கிராமங்களைத் திறந்தவெளிக் கணக்கில் வைத்திருப்பதாக உரிமை அமைப்புகள் அப்போதே குற்றம் சாட்டின. காப்பறை கேட்டு உச்ச நீதிமன்றம் போனார்கள். உடனடி உத்தரவு எதுவும் கிடைக்கவில்லை. வெட்டவெளியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ராணுவம் சொல்லும் பொது அறிவுரை ஒன்று உண்டு: தரையில் குப்புறப் படு, கையால் தலையை மூடு. ஊரே வெட்டவெளி என்றானவர்களுக்கு அதுதான் பாதுகாப்புத் திட்டம்.

அல்-ஃபுரா சிறுமி விஷயத்தில் ஏவுகணையைத் தடுக்காமல் விட்டதாக நான் சொல்லவில்லை. தடுத்ததன் சிதறல்தான் கீழே வந்தது. அந்த நேரத்தில் ஒளிந்துகொள்ள கான்கிரீட் வேண்டும். 1991 வளைகுடாப் போரில் சதாம் உசேனின் ஸ்கட் ஏவுகணைகள் விழுந்த பிறகு, புது வீடு எதுவானாலும் காப்பறை வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. பெதுயின் கட்டினால்? அனுமதியில்லாக் கட்டடம் என்று புல்டோசர் வரும். ஒரு கை காப்பறை கட்டு என்கிறது, மறு கை கட்டியதை இடிக்கிறது. இரண்டும் ஒரே அரசின் கைகள். 2023 அக்டோபர் 7 அன்று காசாவிலிருந்து வந்த ராக்கெட்டுகளில் இந்தக் கிராமத்துக் குழந்தைகளும் செத்தார்கள் (ஏவியவர்களும் இவர்களைக் கணக்கில் வைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்). அதன்பிறகு சில இடங்களில் நடமாடும் காப்பறைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். போதவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் காசாவிலோ, அதே அரசின் குண்டுகளுக்குக் கீழே சைரனும் இல்லை, காப்பறையும் இல்லை.

'அது பாலைவனம், எட்டாத இடம்' என்று சமாதானம் சொல்ல முடியாது. வடக்கே தம்ரா வரைபடத்தில் உள்ள நகரம்தான், அரபு நகரம். 2025 ஜூன் 14 இரவு ஈரான் ஏவுகணை ஒன்று அங்கே வீட்டின்மேல் விழுந்து ஒரே குடும்பத்துப் பெண்கள் நான்கு பேர் செத்தார்கள். ஊரில் பொதுக் காப்பறை ஒன்றுகூட இல்லை என்றார் நகரத் தலைவர்.

இதையெல்லாம் சொன்னபோது தம்பி மறுக்கவில்லை. "இது மெஷினோட தப்பு இல்லியேண்ணே" என்றார். இல்லைதான் தம்பி. நம்ம ஊர்த் தேர்கூடத்தான் தானா ஓடலை, அது எந்தத் தெருவுல திரும்பணும்னு கட்டை போடுறவன் ஒருத்தன் இருக்கான். அடுத்த கூட்டத்துக்கு நெகேவின் அரசு வரைபடத்தைத் தேடி எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதில் இந்தக் கிராமங்களை அவரே தேடிப் பார்க்கட்டும்.